சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

மே 5, திங்கள்

இந்த டைரி நூல் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இதுவரை ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எழுதுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. இன்று நடந்துவிட்டது. மிஷின் நின்றுவிட்டது.

எம்பிராய்டரி மிஷினில் பள்ளிக்கூட பேட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு தலையும் ஒரே நேரத்தில் ஊசியைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றன. மிஷின் ஓட்டும் பேச்சியம்மா, "யக்கா, இங்க வாங்க, பொட்டிக்குள்ள பல்லி கத்துது" என்றாள். பல்லி எதுவும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்துதான் அந்த டக் டக் வந்தது. திரையில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. அது நல்ல செய்தியாக இருக்காது என்பது எனக்கே தெரிந்தது.

எம்பிராய்டரி மிஷினுக்குச் சொந்தமாக மூளை கிடையாது. பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஊசி நடக்கும். இரண்டையும் 93இல் என் வீட்டுக்காரர் சென்னியப்பன் சேர்த்து வாங்கினார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மிஷின் இன்றுதான் நின்றது.

மே 6, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரியாஸ் வந்தார். கம்ப்யூட்டர் அவரைவிட மூத்தது. மூடியைத் திறந்ததும் பெரியவர்கள் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

முதலில் சுவிட்சை அணைத்தார். நான் தடுப்பதற்குள் அணைத்துவிட்டார்.

"ஏந்தம்பி, அதை நாங்க அணைக்கறதே இல்லீங்களே!"

"அணைக்காம எப்படிங்க்கா கழட்டறது? கரண்டு அடிக்குமே."

நியாயம்தான். டிஸ்க்கைக் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஹார்ட் டிஸ்க் காலிங்க்கா. எல்லாப் புரோகிராமும் இதுலதான் இருந்துச்சு."

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி மாட்டிவிடலாமா என்று கேட்டேன். உள்ளே இருந்த நீள அட்டை ஒன்றைக் காட்டினார். மிஷினோடு பேசுவது அந்த அட்டைதானாம். புதுக் கம்ப்யூட்டர் எதிலும் அது உட்காராதாம். இதே கம்ப்யூட்டரில் இதே மாதிரி சின்ன டிஸ்க் மாட்டினால் உண்டு. இப்போது கடையில் கிடைக்கிற டிஸ்க் எல்லாம் இந்தப் பெட்டிக்கு அளவுக்கு மீறிப் பெரிசு, இதற்குப் புரியாது என்றார்.

மாலையில் பெங்களூரிலிருந்து வான்மதி பேசினாள். என் ஒரே பெண். மிஷின் நின்றதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சும்மா. எடைக்குப் போட்டுட்டு இங்க வந்துரு."

"ஏங்கண்ணு, ஒரு பூட்டு கெட்டுப்போனா வீட்டையேவா விப்பாங்க?"

"ஜனவரில பாத்ரூம்ல விழுந்து கிடந்தியே, மறந்துபோச்சா? பேச்சியம்மா வர்ற வரைக்கும் தரையில கிடந்த."

நான் விழவில்லை. உட்கார்ந்தேன், கொஞ்சம் வேகமாக. வலது மணிக்கட்டு அதற்கப்புறம் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் பந்தயம் மாதிரி ஒன்று பேசி முடித்தோம். மே 31 சாயங்காலத்துக்குள் மிஷின் ஓடினால் வான்மதி இந்தப் பேச்சை இனி எடுக்க மாட்டாள். ஓடாவிட்டால் நான் மிஷின் ஷெட்டைப் பூட்டிவிட்டு அவளோடு பெங்களூர் போக வேண்டும். "வார்த்தை மாறக் கூடாதும்மா" என்றாள். நான் எப்போது மாறினேன்?

மாப்பிள்ளையிடம் போனைக் கொடு என்றேன். குளித்துக்கொண்டிருக்கிறாராம்.

மே 9, வெள்ளி

அம்மனே, உன் கண்ணே கண்!

வெள்ளிக்கிழமைப் பூஜைக்குச் சந்தனம் குழைத்தேன். பிள்ளையாருக்கு, முருகனுக்கு, அம்மனுக்கு, குலதெய்வப் படத்துக்கு என்று வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியாக மஞ்சள் துணி மேல் இருக்கிற கறுப்புக் கட்டைக்கு வைக்க விரலை நீட்டியபோதுதான் மண்டையில் உறைத்தது. கட்டையாவது! அதுதான் இன்னொரு டிஸ்க்.

சென்னியப்பன் வாங்கும்போதே ஒரே அச்சில் இரண்டு வாங்கினார். ஒன்றை மாட்டிவிட்டு இன்னொன்றைப் பூஜை அலமாரியில் வைத்தார். "இது கெட்டா நாம கெட்டோம். சாமிகிட்ட இருக்கட்டும்" என்றார். சாமியிடம் இருப்பதற்குப் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? வாரா வாரம் வைத்தேன். போகப் போக அது என்ன என்பதே மறந்துபோய், வைப்பது மட்டும் மிஞ்சியது.

வான்மதியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. 31ஆம் தேதி சொல்லிக்கொள்ளலாம்.

மே 10, சனி

ரியாஸ் டிஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கினார். மேலே விரற்கடைக் கனத்துக்குச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், நடுநடுவே விபூதி. "என்னங்க்கா இது, டிஸ்க்கா தேரா?" என்றார். நான் சிரிக்கவில்லை. பேச்சியம்மா சிரித்தாள்.

பொட்டுக்கு அடியில்தான் லேபிள் இருக்கிறது, அதில் சில எண்கள் இருக்கும், அவை வேண்டும் என்றார். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தோம். சந்தனம் வந்தது. சந்தனத்தோடு காகிதமும் வந்தது. எண் இருந்த இடமெல்லாம் மஞ்சள் கூழ். ஓரத்தில் ஒரே ஒரு வரி தப்பியிருந்தது. ரியாஸ் கண்ணை இடுக்கிப் படித்தார்.

"என்னன்னு போட்டிருக்குது தம்பி?"

"இந்தத் துளையை மூடாதீர்கள்னு போட்டிருக்குங்க்கா."

டிஸ்க் மூச்சு விடுவதற்கு ஒரு துளை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் நான் பொட்டு வைத்தது சரியாக அதன் மேல்தான்.

ஊசியால் குத்தி எடுக்கலாம் என்றாள் பேச்சியம்மா. குத்தினால் தூள் உள்ளே போய்விடும் என்று ரியாஸ் பதறினார். ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டிப் பிய்த்துத் துளையைத் திறந்தார். பழைய டிஸ்க்கின் லேபிளையாவது பார்க்கலாம் என்று அதை எடுத்தோம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சென்னியப்பன் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பார். அதுவும் கூழ்.

பக்தியிலும் அவருக்கு நான் இளைத்தவள் இல்லை, எனக்கு அவர் இளைத்தவர் இல்லை. எங்கேயாவது அந்த எண்ணை எழுதி வைத்திருக்கலாம் மனுஷன்.

மே 13, செவ்வாய்

டிஸ்க்கை மாட்டியாகிவிட்டது. நான்தான் மாட்டினேன். ரியாஸ் சொன்னார், நான் செய்தேன். நாளைக்கு அவர் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா. திருப்புளியை இடது கையால் பிடித்தேன், வசதியாக இருந்தது என்பதால்.

பட்டையான கேபிள் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு. அந்தக் கோடு டிஸ்க்கின் முதல் ஊசிப் பக்கம் வர வேண்டும். முதல் தடவை மாற்றிச் செருகினேன், திரை இருட்டாகவே இருந்தது. பிறகு ஜம்பர் என்று அரிசி அளவு ஒரு தொப்பி. இந்தப் பெட்டியில் நான்தான் தலைமை டிஸ்க் என்று அது சொல்ல வேண்டும். அதைக் கீழே போட்டுவிட்டு மூன்று பேரும் தரையில் தவழ்ந்தோம். பேச்சியம்மாவின் கொலுசில் மாட்டியிருந்தது.

டிஸ்க் சுற்றவில்லை. இத்தனை வருஷம் சும்மா இருந்ததில் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் ரியாஸ். தட்டைத் திருப்புவதுபோல் கையில் வைத்துச் சடக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். அடுத்த தடவை சுவிட்சைப் போட்டதும் உய்ய்ய் என்று ஒரு சத்தம் எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷெட்டில் தூசி.

அதற்கப்புறம்தான் சங்கடம். நீலத் திரை ஒன்று வந்து நின்றது. டிஸ்க்கின் உள்ளளவு என்ன, எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்று மூன்று கட்டத்தில் கேட்கிறது. இப்போதைய கம்ப்யூட்டர் தானே டிஸ்க்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாம். இது கிழம், நாம்தான் சொல்ல வேண்டும். பழைய டிஸ்க்கும் அதே அச்சுதான். அதனால் சுவிட்சை அணைக்கும் முன் அந்த எண்கள் இந்தத் திரையிலேயே இருந்திருக்கும். உள்ளே இருக்கிற பேட்டரி செத்துக் கிடந்ததால் அணைத்ததும் அழிந்துவிட்டன.

"பேட்டரி செத்துருச்சுன்னு தெரியுமாங்க்கா உங்களுக்கு?" என்று ரியாஸ் பாவமாகக் கேட்டார்.

தெரியும். அந்த மூன்று எண்ணும் யாருக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

மே 14, புதன்

வான்மதிக்குத் தெரியும்.

பேட்டரி முதலில் செத்தது அவள் ஆறாவது படிக்கும்போது. சென்னியப்பனுக்கு வெள்ளெழுத்து. எனக்கு அந்த நீலத் திரையைக் கண்டாலே பயம். முதல் நாள் டிஸ்க்கின் மேல் பார்த்து அவள்தான் அடித்தாள். பிறகு பார்க்கவே தேவைப்படவில்லை. யூனிபார்மோடு, ஒரு பக்கம் பின்னிய சடையோடு ஓடி வருவாள். மூன்று தட்டு, ஒரு தட்டு, இரண்டு தட்டு. ஊசிகள் எல்லாம் ஒரு முறை சிலிர்க்கும். அவள் பள்ளிக்கூடம் போவாள். கல்லூரி முடிக்கும் வரை இதுதான் எங்கள் வீட்டுக் காலை.

அவள் கல்யாணமாகிப் போன அன்று காலையிலும் அடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தாள். அதற்கப்புறம் சென்னியப்பன் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. கரண்டு போனாலும் தாங்குவதற்கு ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்தார். "சின்ன பேட்டரி மாத்தினா முடிஞ்சுதுங்களே" என்றேன். "இருக்கட்டும் புள்ள, அவ வந்தா அடிப்பா" என்றார்.

அவளிடம் கேட்கப் போவதில்லை. அவளோடு பந்தயம் கட்டிவிட்டு அவளிடமே போய் நிற்பதா?

மே 17, சனி

மூன்று தட்டு, ஒன்று, இரண்டு. அது எனக்கு ஞாபகம் இருக்கிறதே! அப்படியானால் சிலிண்டர் மூன்று இலக்கம், ஹெட் ஓரிலக்கம், செக்டர் இரண்டிலக்கம். ரியாஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "போலீஸ்ல இருந்திருக்க வேண்டிய ஆளுங்க்கா நீங்க" என்றார்.

கம்ப்யூட்டரே வைத்திருக்கிற வகைப்பட்டியலில் அந்த மாதிரி இலக்கம் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்று ஏற்றுக்கொண்டது. டிஸ்க்கைச் சுத்தம் பண்ணும் வேலை பாதி வரை போயிற்று. பேச்சியம்மா டீ வாங்கப் போனாள். அவள் வருவதற்குள் பிழை என்று வந்து நின்றுவிட்டது. டீயைக் குடித்தோம்.

மே 20, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

சீருடைக் கடை முதலாளி காலையிலேயே போன் பண்ணினார். ஜூன் 20க்குள் பேட்ஜ் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பாராம். தன்மையாகத்தான் சொன்னார். அதனால்தான் கேட்டேன், வேறொன்றும் இல்லை.

"கண்ணு, காலையில ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால கம்ப்யூட்டர்ல மூணு நம்பர் அடிப்பியே, அது என்ன?"

அவள் பின்னால் எப்போதும் கேட்கும் டிவி சத்தம் இன்று இல்லை.

"மறந்துபோச்சும்மா."

"மூணே மூணு நம்பர்தான் சாமி."

"எத்தனை வருஷம் ஆச்சு? மறந்துபோச்சு."

பொய். அவள் ஒன்பதாம் வகுப்பில் கூடப் படித்தவர்களின் வீட்டு போன் நம்பரை இன்றைக்கும் சொல்லுவாள். என் வயிற்றில் பிறந்தது என்னிடமே பொய் சொல்கிறது. பந்தயத்தில் ஜெயிப்பதற்காக!

மே 21, புதன்

கோபம். எழுத எதுவும் இல்லை.

மே 25, ஞாயிறு

வான்மதி போன் பண்ணினாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, கை எப்படி இருக்கிறது. நானும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். மாப்பிள்ளை எங்கே என்றேன். ஆபீசில் என்றாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. போன வாரம் வெளியூர், அதற்கு முந்தின வாரம் தூங்குகிறார். பொங்கலுக்கு அவள் மட்டும் வந்தபோது அவருக்குக் காய்ச்சல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. என் வேலை டிஸ்க்.

மே 28, புதன்

ரியாஸ் கோயம்புத்தூர் போய் ஏதோ அடாப்டர் வாங்கி வந்தார். டிஸ்க்கைத் தன் லேப்டாப்போடு சேர்த்து அதனிடமே எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். டிஸ்க் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு பழசோடு பேச அந்த அடாப்டருக்குத் தெரியாதாம். பாவம், அவர் முகம் தொங்கிப்போயிற்று. கடைக்கு வருகிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து கிடக்கிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

பேச்சியம்மாவைப் பக்கத்து கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். போ என்றேன். "31 வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன்க்கா. படத்த பாதில விட்டுட்டு எந்திரிச்சுப் போக முடியுமா?" என்றாள்.

நாளையிலிருந்து நானே கையால் போட்டுப் பார்க்கப் போகிறேன். ஹெட் இரண்டிலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒன்று. செக்டரும் ரொம்பப் பெரிதாக இருக்காது என்கிறார் ரியாஸ். சிலிண்டர்தான் கடல். ஆகட்டும். கடலில் ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மே 30, வெள்ளி

வான்மதி வந்துவிட்டாள். இரண்டு நாளைக்கு என்று சொன்னாள். கொண்டு வந்த பெட்டி கல்யாணத்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த பெரிய பெட்டி. ஆட்டோக்காரர்தான் தூக்கி உள்ளே வைத்தார். அவள் இளைத்திருக்கிறாள். கன்னத்து எலும்பு தெரிகிறது. ராகிக்களியும் கீரையும் பண்ணினேன், இரண்டு உருண்டை சாப்பிட்டாள். சமைக்க நேரமில்லையாம்.

கழுத்தைப் பார்த்தேன். தாலிக்கொடியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறாளாம்.

அவள் தூங்கிய பிறகு என் துணிப்பையை எடுத்து நாலு புடவை, மாத்திரை, கண்ணாடி, சென்னியப்பன் படம் எல்லாம் எடுத்து வைத்தேன். சும்மாதான். நாளை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, நான் ஒன்றும் தோற்கவில்லை. ஆனாலும் எடுத்து வைத்தேன்.

மே 31, சனி

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் விட்டுப்போகும்.

விடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். அறுநூறிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அடிக்க வேண்டும், மறுபடி ஆரம்பிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு இடது கை ஒரு விரலால் அடித்தேன். மத்தியானம் பேச்சியம்மா சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு வான்மதி வாசலில் வந்து நின்றாள். கையில் என் துணிப்பை. திறந்து பார்த்திருக்கிறாள்.

"இது என்னம்மா?"

"புடவை."

"நீ தோத்துருவன்னு நெனைச்சுட்டியா?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. நான் எதுக்குத் தோக்கறேன்?"

"அப்பறம் எதுக்கு மூட்டை கட்டி வெச்சிருக்க?"

எனக்குப் பொய் சட்டென்று வராது. "நீ தனியா இருக்கறயே கண்ணு" என்று வந்துவிட்டது.

அவள் என் கையைப் பார்த்தாள். ஈரத்துணியைப் பார்த்தாள். திரையில் நான் அடித்து வைத்திருந்த எண்ணைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"நகரும்மா."

நகர்ந்தேன். அவள் உட்காரவில்லை, நின்றபடியே அடித்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமான மாதிரியேதான். மூன்று தட்டு. ஒரு தட்டு. இரண்டு தட்டு.

776. 8. 33.

கம்ப்யூட்டர் ஒரு முறை இருட்டி மறுபடி எழுந்தது. டிஸ்க் விளக்கு பச்சையாக எரிந்தது. பிழை என்று எதுவும் வரவில்லை.

பேச்சியம்மா விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

"மறந்துபோச்சுன்னு சொன்னயே?" என்றேன்.

"சொன்னேன்" என்றாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனவள் வெகுநேரம் வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மிஷின் நேற்றே ஓடவில்லை என்று பந்தயத்தில் தகராறு பண்ணலாம். வான்மதி பண்ணவில்லை.

ரியாஸ் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்தார். டிஸ்க்குக்குள் இடம் பிரிக்க வேண்டும், சுத்தம் பண்ண வேண்டும், கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் புரோகிராமை அதில் ஏற்ற வேண்டும். சுத்தம் பண்ணும்போது சதவீதம் ஏறிக்கொண்டே போயிற்று. போன தடவை நின்ற பாதியைத் தாண்டும்போது நாலு பேரும் மூச்சு விடவில்லை. நூறு வந்தது.

பிறகு ஃபிளாப்பிகள். சென்னியப்பன் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மூன்றாவது ஃபிளாப்பியில் பூஞ்சை. ரியாஸ் உறையைப் பிளந்து உள்ளே இருந்த வட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, வேறு உறையில் போட்டு, பிஸ்மில்லா சொல்லிச் செருகினார். நான் முருகா என்றேன். இரண்டு பேரில் யாரோ ஒருவர் கேட்டுவிட்டார்.

முதலில் எதை ஓட்டுவது? சென்னியப்பன் எப்போதும் சோதனைக்கு ஒரு மாங்காய் ஓட்டுவார். அதே ஃபிளாப்பியில் இருந்தது. வான்மதி பொத்தானை அழுத்தினாள். பன்னிரண்டு தலையும் ஒரு முறை சிலிர்த்து இறங்கின. துணியில் பன்னிரண்டு மாங்காய். எல்லாம் பச்சை நூலில். ஒன்றை வெட்டி ரியாஸுக்குக் கொடுத்தேன், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இனிப் பேச மாட்டேன்மா" என்றாள் வான்மதி.

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

வான்மதி ஊருக்குப் போய்விட்டாள். ஆபீஸில் வரச் சொல்கிறார்களாம். பெரிய பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுச் சின்னப் பையோடு போனாள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, திறக்கவும் இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

ஜூன் 4, புதன்

காலையில் ஷெட்டைத் திறந்தேன். நேற்று இரவு கம்ப்யூட்டரை நான் அணைத்துவிட்டேன். தெரியாமல் இல்லை.

எட்டரைக்குப் போன் பண்ணினேன். "கண்ணு, அந்த நம்பர் என்ன?"

"சனிக்கிழமைதானம்மா அடிச்சேன்? அதுக்குள்ளயா மறந்துட்ட?"

"வயசாயிருச்சல்ல."

சொன்னாள். எழுநூத்தி எழுபத்தாறு, எட்டு, முப்பத்து மூணு. குரல் கம்மியிருந்தது. தூங்கவில்லை என்று தெரிந்தது. சாப்பிட்டாயா என்றேன். இனிமேல்தான் என்றாள்.

ஜூன் 5, வியாழன்

மறந்துவிட்டது. போன் பண்ணிக் கேட்டேன்.

ஜூன் 9, திங்கள்

"எழுதி வெச்சுக்கம்மா" என்கிறாள். பேனா எழுதவில்லை என்றேன்.

ஜூன் 12, வியாழன்

ரியாஸ் ஒரு பேட்டரி கொண்டுவந்தார். பழசைக் கழற்றி இதைப் பொருத்தினால் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளும், தினமும் அடிக்க வேண்டாம் என்றார். வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்தேன். அவருக்குப் புரியவில்லை.

"மாட்டறதுக்குத்தாங்க்கா கொண்டாந்தேன்."

"இருக்கட்டும் தம்பி. சாமிகிட்ட இருக்கட்டும்."

"பொட்டு மட்டும் வெச்சுராதீங்க்கா" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

பேட்ஜ் எல்லாம் போய்ச் சேர்ந்தது. சீருடைக் கடை முதலாளி அடுத்த ஆர்டரையும் கையோடு கொடுத்துவிட்டார். பேச்சியம்மா பக்கத்து கம்பெனிக்குப் போகவில்லை. படம் இன்னும் முடியவில்லையாம்.

மணிக்கட்டை டாக்டரிடம் காட்டினேன். ஜனவரியில் லேசாக விரிசல் விட்டிருக்கிறது என்கிறார். சரி, விழுந்தேன். இங்கே எழுதுவதில் என்ன.

ஜூன் 26, வியாழன்

இன்று காலையும் எட்டரைக்குப் போன் பண்ணினேன். நம்பர் என்ன கண்ணு?

"எழுநூத்தி எழுபத்தாறு" என்றாள். "எட்டு" என்றாள். அதோடு நின்றுவிட்டது. அழுகிறாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவள் சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை.

"அம்மா, அவரு என்னை விட்டுட்டுப் போயிட்டாரும்மா. கார்த்திகையிலயே போயிட்டாரு."

"தெரியுங்கண்ணு."

"எப்படி?"

"பொங்கலுக்கு நீ தனியா வந்து இறங்கினப்பவே தெரியும்."

"அப்பறம் ஏம்மா கேக்கல?"

"நீயாச் சொல்லோணும்னு இருந்தேன். நீ எங்க சொல்ற? தெனமும் மூணு நம்பர்தான் சொன்ன."

அழுகையிலேயே சிரித்தாள். அப்புறம் எல்லாம் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. அவளுக்குத் துணையாக நான் அங்கே வரவேண்டும் என்றுதான் அந்தப் பந்தயம். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பந்தயம் கட்டியிருக்கிறாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

"நான் வரட்டுமா சாமி? மிஷினு கிடக்கட்டும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"வேண்டாம்மா. வேலைய வீட்டிலிருந்து பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. எங்கிருந்து பாத்தா என்ன?"

பேச்சியம்மா வாசலில் நிற்பதைப் பார்த்து, "சரி, மீதி நம்பரச் சொல்லு. ஆளு வந்து நிக்குது" என்றேன்.

"மீதிய நான் வந்து அடிக்கறேன்."

பேச்சியம்மாவுக்கு இன்று லீவு கொடுத்து அனுப்பிவிட்டேன். முதல் இரண்டு கட்டத்தையும் நானே நிரப்பி வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பெட்டியை இழுத்துத் துடைத்து வைத்தேன். அவள் வரும் பஸ் நாளைக் காலை ஆறு மணிக்கு வந்துவிடுமாம்.